இரண்டாவது கம்பளி

அத்தியாயம் 9

டப்பு சோன்கரின் பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழே எது துணி, எது நாயுருவி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“தீதி, இதைக் கழற்றி வெச்சா தானா நிக்கும்,” என்றான். “நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?”

“கம் பூட்ஸ். உன்னையும் போடச் சொன்னேன். கால் அழகு கெட்டுடும்னே,” என்றாள் வசுதா கரே.

இருவரும் ஓடைக் குகையைப் பார்த்துவிட்டு, பின்பக்க வேலியைத் தாண்டி பீஜாவன் கோட்டி விடுதிக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி. புல்லின் மேல் பனி இன்னும் காயவில்லை. விருந்தாளிகள் எல்லோரும் ஜீப்பில் புலி தேடப் போயிருந்ததால் விடுதி காலியாகக் கிடந்தது. பன்னிரண்டு கூடாரங்கள். பேருக்குத்தான் கூடாரம், உள்ளே கணப்பும் பித்தளைக் குளியல் தொட்டியும் உண்டு. அந்தத் தொட்டியில் முதல் நாள் கால் நீட்டிப் படுத்த டப்பு, ஜபல்பூர் ரயில் நிலையத்தில் பத்து வருஷம் ஆட்டோ ஓட்டிய அழுக்கு மூன்று தண்ணீரில்தான் போனது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவர்கள் தேடி வந்த விஷயம் ஆறு நாள் பழையது. போன வியாழக்கிழமை விடியற்காலை, இங்கே தங்கியிருந்த குரானா என்ற டெல்லி ஆசாமியை யாரோ ஜீப்பிலிருந்து இறக்கிக் கால்நடையாக ஓடைக் குகைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மனிதர் கால் படக்கூடாத இடம் அது. ஜும்ரி என்ற பெண்புலி அங்கே இரண்டு குட்டிகளை வைத்திருந்தது. குரானா குகை வாசலிலேயே நின்று படம் எடுத்தான். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் கைபேசியில் ‘ஆகா’ என்றது. ஜும்ரிக்கு ஆகாவெல்லாம் தெரியாது. மனித வாடை பட்டதும் குட்டிகளை வேறு இடத்துக்குக் கவ்விக்கொண்டு ஓடியது. ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்றது ஓடைக்கரையில் பனியில் விறைத்துக் கிடந்தது.

பழி ஜீப் ஓட்டுநர் பிர்ஜு துர்வே மேல் விழுந்தது. விடுதிப் பதிவேட்டில் அன்று நாலாம் நம்பர் ஜீப்புக்கு அவன் பெயர். குகை வாசல் முள்ளில் அவனுடைய சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. போதாததற்கு, டிரைவர்தான் கூட்டிப் போனான், எனக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியாது என்று குரானாவின் வக்கீல் எழுதி அனுப்பிவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்கு ரேஞ்சர் வந்து பிர்ஜுவை அழைத்துப் போகப் போகிறார். ஜாமீனுக்கு அலைய வேண்டிய வழக்கு. அதற்குள் வசுதா தன் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும்.

“எனக்கு ஒண்ணு புரியல தீதி,” என்றான் டப்பு, நடந்துகொண்டே விதைகளைப் பிடுங்கியபடி. “அன்னிக்கு ரேஞ்சர் எடுத்த படத்துல பாதை பூரா கிளையால பெருக்கின கோடு இருக்கு. காலடி ஒண்ணுகூட இல்ல. காலடியைத் துடைச்சவன் துண்டை மட்டும் விட்டுட்டுப் போவானா? எத்தனையோ ஆட்டோ திருடனைப் பார்த்திருக்கேன். வண்டிக்குப் புது பெயின்ட் அடிச்சிட்டு, பழைய நம்பர் பிளேட்டைத் துடைச்சுப் பளபளன்னு மாட்டி வெச்சவன் ஒருத்தனும் இல்ல.”

“அப்ப துண்டு?”

“நாம பார்க்கணும்னு மாட்டினது.”

“சபாஷ். யார் மாட்டினது?”

டப்பு குரலைத் தாழ்த்தினான். “குன்வர் சாப்னு சொல்ல ஆசைதான். முதலாளியம்மா ராணி சாஹிபாவோட மருமகப்பிள்ளை, மேனேஜர் நாற்காலி, விரல் பூரா மோதிரம். ஆனா அவரு பத்து மணிக்கு முன்னாடி எழுந்தா அதுவே தனி கேஸ். அவருக்கு விடியற்காலைன்னா என்னன்னே தெரியாது.”

வசுதா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

“தீதி, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்.”

“கோவிச்சுப்பேன். சொல்லு.”

“இங்க இருக்கிற முப்பத்தோரு பேரையும் நீங்க ஒரே கேள்வி கேட்டீங்க. ‘வியாழக்கிழமை காலையில எங்க இருந்தே, யார் பார்த்தா?’ சமையல்காரனைக் கேட்டீங்க. நீச்சல் குளத்துல இலை பொறுக்குறவனைக் கேட்டீங்க. என்னையே கேட்டீங்க, நான் அன்னிக்கு ஜபல்பூர்ல உங்க வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன். ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் முதல் பாதியோட நிறுத்திட்டீங்க.”

யார் என்று அவள் கேட்கவில்லை.

ஹேமந்த் ராவத். பீஜாவன் கோட்டியின் தலைமை வழிகாட்டி. விடுதியில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் ‘பையா’, அண்ணன். காட்டுக்குள் என்ன குரல் கேட்டாலும் அது மானா, மந்தியா, எதற்காகக் கத்துகிறது என்று சொல்லிவிடுவான். இந்த வேலைக்கு வசுதாவைக் கூப்பிட்டதே அவன்தான். வெளியாள் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று ராணி சாஹிபா சொன்னதும், என் ஜிஜ்ஜி இருக்கிறார், கூடப் பிறக்காத அக்கா, போலீஸில் முப்பது வருஷம், அவரை விட நேர்மையான ஆள் கிடையாது என்று இவள் பெயரைச் சொன்னான். வியாழக்கிழமை தனக்குக் காய்ச்சல், அறையிலேயே கிடந்தேன் என்றான். அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், இதே மாவட்டத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, தேக்குக் கடத்தல்காரன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டு அவள் தோளில் பாய்ந்தது. முன்பின் தெரியாத ஒரு பையன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். ரத்தம் இல்லை என்றார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு என்னுடையதை எடுங்கள் என்றான். அவன்தான் ஹேமந்த். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத வசுதா அந்த ஆவணியிலேயே அவனுக்கு ராக்கி கட்டினாள். அதிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. கடையில் வாங்கும் ராக்கி இல்லை. ஜபல்பூருக்குப் பக்கத்தில் பேடாகாட்டில் பளிங்கு கடைபவனிடம் போய் ஒரே ஒரு மணி பொறுக்கிவந்து, கருப்பும் சிவப்பும் முறுக்கிய பட்டு நூலில் தானே கோத்துக் கட்டுவாள். அதுவாக இற்று விழும்வரை அவன் கழற்ற மாட்டான்.

இந்தத் தடவை வந்து இறங்கியதுமே அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. “கார்த்திகைப் பௌர்ணமிக்கு நர்மதையில விட்டுட்டேன் ஜிஜ்ஜி,” என்றான். எல்லோரும் செய்கிற வழக்கம்தான். அவளுக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்றது. அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

“அவன் காய்ச்சல்ல கிடந்தான் டப்பு,” என்றாள் இப்போது. அவளுக்கே அது பதிலாகப் படவில்லை.

“சரி தீதி,” என்றான் டப்பு. அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

முன்வாசலுக்கு வந்தபோது படியில் பிர்ஜு துர்வே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பை. ஜெயிலுக்குப் போகத் தயாராக, ஒரு போர்வையும் புகையிலைப் பொட்டலமும் எடுத்து வந்திருந்தான். வசுதாவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“ஜும்ரியைப் பார்த்தீங்களா மேடம்ஜி?”

“இல்லப்பா. பழைய குகைக்குத்தான் போனோம்.”

“மிச்சம் இருக்கிற குட்டிக்குப் பால் குடுக்குதான்னு தெரிஞ்சா போதும். பயந்துபோன தாய் சில சமயம் விட்டுட்டுப் போயிடும்.” துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டைத் தேடினான், அது ரேஞ்சரின் பெட்டியில் இருப்பது ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டான்.

“பிர்ஜு, இன்னொரு தடவை சொல்லு. புதன்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது?”

“முன்னயே சொன்னேனே. ஹேமந்த் பையா கூப்பிட்டு, ‘நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம், உன் மசூர்ப் பருப்பு வயல்ல பன்னி விழுதுன்னியே, போய்க் காவல் இரு’ன்னாரு. ராத்திரி பூரா பரண்ல இருந்தேன். நீங்க அதைக் குறிச்சுக்கிட்டீங்க.”

குறித்துக்கொண்டிருந்தாள். குறித்துவிட்டு ஹேமந்திடம் போய்க் கேட்டாள். ‘பாவம் ஜிஜ்ஜி, பயத்துல எதையாவது பிடிச்சுக்கப் பார்க்கிறான். நான் கோவிச்சுக்கல’ என்றான் அவன். அதைக் கேட்டு, பிர்ஜுவின் வாக்குமூலத்தின் மேல் அவளே ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடு இப்போது நோட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து அவளைக் குத்தியது.

வாசல் கதவைத் திறந்துகொண்டு ஃபுல்வதி பாய் வந்தாள். கையில் தட்டு, தட்டில் சுருட்டிய ஈரத் துண்டுகள், வெட்டிவேர் வாசனை. வெளியே போய் வருகிற எவரையும் முகம் துடைக்காமல் உள்ளே விடக்கூடாது என்பது விடுதிச் சட்டம். ஜீப்புக்குக் கம்பளி, வெந்நீர்ப் பை, திரும்பி வந்தால் துண்டு, எல்லாம் அவள் பொறுப்பு. டப்புவின் பேண்ட்டைப் பார்த்ததும் தட்டைத் தூண் ஓரமாக வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“ஏ ஜபல்பூர்க்காரா! நீயும் ஓடைக்குப் போனியா? இந்தக் கோலத்தோட என் ஜமக்காளத்துல கால் வெச்சே, கட்டையால அடிப்பேன்.”

“பாய், இது பேஷன்.”

“பேஷனா? இந்தா பாரு பேஷனை!” என்று பத்து விரலையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். நகக்கண்கள் கன்றியிருந்தன. “போன வாரம் ரெண்டு கம்பளியிலேர்ந்து இதே எழவைப் பிடுங்கித்தான் விரல் போச்சு. ரெண்டு நாள் வேலை. வெளியூர்க் கம்பளி, பிரஷ் போடக்கூடாது, வெந்நீர்ல நனைக்கக்கூடாதாம். ஒவ்வொண்ணா கையால எடுத்தேன்.”

வசுதா துண்டை முகத்திலிருந்து எடுத்தாள். துப்பறிகிறவர்களுக்கு ஒரு ரகசியம் தெரிந்திருக்க வேண்டும்: உண்மையான சாட்சி கண்ணால் பார்த்தவன் இல்லை, வேலை கூடிப்போய் வயிறெரிந்தவள். கண்ணால் பார்த்தவன் மறந்துவிடுவான். வயிறெரிந்தவள் கிழமையோடு சொல்லுவாள்.

“எந்தக் கிழமை, பாய்?”

“வியாழக்கிழமை. நாலாம் நம்பர் ஜீப்புக் கம்பளி.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். அந்த டெல்லி வாலாவோடது ஒண்ணு. முன் சீட்டுது ஒண்ணு. இடுப்பு உயரத்துக்கு அப்பியிருந்தது.”

“ஜீப்ல உட்கார்ந்தவங்க கம்பளியில நாயுருவி எப்படி ஏறும்?” என்றான் டப்பு. “செடியா ஏறி உட்கார்ந்து சவாரி வந்துச்சா?”

“போர்த்திக்கிட்டு நடந்திருக்காங்க,” என்றாள் வசுதா மெதுவாக. “முன் சீட்டுக் கம்பளி டிரைவரோடது. பிர்ஜு, நீ ஜீப்ல போறப்ப கம்பளி போர்த்திப்பியா?”

பிர்ஜு திடுக்கிட்டான். ஃபுல்வதிதான் பதில் சொன்னாள். “அவனா? டிரைவருங்க யாரும் அதைத் தொடவே மாட்டாங்க. சம்பளத்துல பிடிப்பாங்கன்னு பயம். அதுவும் இவன் மார்கழிக் குளிருக்கே ஸ்வெட்டர் போடாத ஜன்மம். பெரிய வழிகாட்டிங்க ரெண்டு பேருக்குத்தான் முன் சீட்டுக் கம்பளி. ஆனா அவங்களும் எடுக்கிறதில்ல. ஹேமந்த் பையாவுக்கு அந்தப் பச்சை ஜாக்கெட் இருக்கே.”

“அந்த ஜாக்கெட் அன்னிக்கு எங்க இருந்தது?”

“பையாவோட வாசல் ஆணியில. அது அங்க தொங்கினா பையா உள்ள இருக்காருன்னு அர்த்தம். காய்ச்சல்னு சொன்னாரேன்னு ஏழு மணிக்கு அரிசிக் கஞ்சி கொண்டுபோனேன். கதவைத் தட்டினேன். அசந்து தூங்குறாரு போலன்னு வாசல்லயே வெச்சுட்டு வந்தேன். பாத்திரம் எடுக்கப் போறப்ப பத்தரை. ஏடு கட்டிக் கிடந்தது.”

டப்பு வாயைத் திறந்தான். வசுதா கையைக் காட்டியதும் மூடிக்கொண்டான்.

எல்லோரும் ஜாக்கெட்டைத்தான் பார்த்தார்கள். ஆளை ஒருவரும் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை ஊருக்குக் காட்டிவிட்டுப் போனவனுக்குக் காட்டில் குளிரத்தானே செய்யும்? கைக்கு எட்டிய கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறான். ஓடைப் பாதையில் ஒரு காலடி மிஞ்சாமல் பெருக்கத் தெரிந்தவன், அந்தக் கம்பளியை எங்கேயாவது வீசியிருக்கலாம். அது மட்டும் அவனால் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் விருந்தாளிகள் இறங்கியதும் அவர்கள் கம்பளியை மடித்து சீட்டில் வைத்துப் பழகிய கை, அன்றும் மடித்து வைத்துவிட்டது.

ஆனாலும் அவள் மனம் விடவில்லை. இன்னொரு வழிகாட்டி இருக்கிறானே? குன்வரே யாரையாவது அனுப்பியிருக்கலாமே? தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினாள்.

“பாய், அந்த முன் சீட்டுக் கம்பளியில விதை தவிர வேற ஏதாவது இருந்ததா?”

“ஒரு பாசிமணி இருந்தது. விளிம்புக் குஞ்சத்துல சிக்கியிருந்தது. விருந்தாளி யாரோடதாவது இருக்கும், கேட்டு வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். ஆறு நாளா யாரும் கேக்கல.”

ஃபுல்வதி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தாள். ஒற்றைக் காதணி, கேமரா மூடி, மூக்குக் கண்ணாடியின் ஒரு கால். எல்லாவற்றுக்கும் அடியில் துழாவி, கடலை அளவுக்கு ஒரு மணியை எடுத்து வசுதாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

வெள்ளைப் பளிங்கு. குறுக்கே ரோஜா நிறத்தில் ஒரு நரம்பு. துளையில் கருப்பும் சிவப்புமாக அரை அங்குல நூல் மிச்சமிருந்தது. மணி நகராமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சு. நூறு வெள்ளை மணிகளைக் கலைத்துப் போட்டு, இந்த நரம்புக்காகவே இதைப் பொறுக்கியிருந்தாள். அந்த முடிச்சுகள் அவள் போட்டவை.

வசுதாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குண்டு பாய்ந்த அன்றுகூட இப்படி இல்லை. குண்டு எதிரியிடமிருந்து வந்தது.

“தீதி?” என்றான் டப்பு. மணியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். ஆவணி மாதம் பேடாகாட்டுக்கு அவளை ஆட்டோவில் கூட்டிப் போனவன் அவன்.

“நீ பிர்ஜுகூட இரு,” என்றாள். “நான் போய் அந்தக் கேள்வியோட இரண்டாவது பாதியைக் கேட்டுட்டு வந்துடறேன்.”

ஹேமந்த் அப்போதுதான் காட்டிலிருந்து திரும்பியிருந்தான். புருவத்தில்கூடச் செம்மண் படிந்திருந்தது. தன் அறை வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, தட்டில் அவல் போஹாவும் ஜிலேபியும் வைத்திருந்தான். ஆணியில் பச்சை ஜாக்கெட்.

“வாங்க ஜிஜ்ஜி. உங்களுக்காகத்தான் ஜிலேபியை மூடி வெச்சிருக்கேன். அறிக்கை எழுதியாச்சா?”

“இன்னும் ஒரு வரி பாக்கி.” அவள் உட்காரவில்லை. “வியாழக்கிழமை நீ காய்ச்சல்ல கிடந்தியே, யார் பார்த்தா?”

அவன் சிரித்தான். “காய்ச்சலைப் பார்க்க என்ன டிக்கெட்டா போட்டாங்க? யாரும் பார்க்கல. ஃபுல்வதி கஞ்சி கொண்டுவந்தா, அவளைக் கேளுங்க.”

“கேட்டேன்.”

மடியில் வைத்து வளர்த்த நம்பிக்கைக்குக் கடைசியாக ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது போல, இன்னொரு கேள்வி கேட்டாள்.

“ராக்கியை எப்ப விட்டே, ஹேமந்த்?”

“சொன்னேனே, கார்த்திகைப் பௌர்ணமிக்கு. மண்ட்லா படித்துறையில. பூவோட சேர்த்து, ஒரு அகல் விளக்கு வெச்சு விட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான் விட்டேன் ஜிஜ்ஜி.”

விளக்கும் பூவும் வேறு. பொய்க்கு அவன் போட்ட அலங்காரம்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. கையை நீட்டி விரல்களைத் திறந்தாள்.

“நர்மதை நாலாம் நம்பர் ஜீப்புக் கம்பளியிலயா ஓடுது?”

ஹேமந்த் மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் வெறும் மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு வயதானதாக அவள் பார்த்ததில்லை.

“எங்க அறுந்துச்சுன்னே தெரியல,” என்றான் கடைசியில். “மூணு தடவை ஓடைக்குப் போய்த் தேடினேன்.”

“எதுக்காகடா?”

“எதுக்காகவா? இருபத்திரண்டு வருஷமா அடுத்தவன் கோட்டியில அடுத்தவனுக்குப் புலி காட்டிட்டிருக்கேன். மேனேஜர் வேலை எனக்குத்தான்னு ராணி சாஹிபா வாய் நிறைய சொன்னாங்க. கடைசியில மானுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத பயலைக் கொண்டுவந்து உட்கார வெச்சாங்க. குரானா புதுசா ஒரு விடுதி கட்டறான். பாதிப் பங்கு உனக்கு, குட்டிங்க படம் மட்டும் எனக்கு வேணும்னான். அஞ்சு நிமிஷம் ஜிஜ்ஜி. அஞ்சே நிமிஷத்துல திரும்பிடலாம்னு நெனச்சேன். குட்டி சாகும்னு நான் கனவுலகூட...”

“துண்டு?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“குட்டி செத்தது உனக்குத் தெரியாம நடந்தது, சரி. பிர்ஜுவோட துண்டை ஜீப்லேர்ந்து எடுத்துக்கிட்டுப் போய் முள்ளுல மாட்டினது தெரியாமயா நடந்தது? முந்தின நாளே அவனை வயலுக்கு அனுப்பிட்டு, அவன் பேரைப் பதிவேட்டுல எழுதினது? உன் கல்யாணத்துக்கு மேளம் அடிச்சவன்டா அவன்.”

“மாட்டிக்கிட்டா ஒருத்தர் மேல போகட்டும்னு...” ஹேமந்த் சட்டென்று எழுந்து அவள் காலருகே உட்கார்ந்தான். “ஜிஜ்ஜி, இந்த மணி யாரோடதுன்னு ரேஞ்சருக்குத் தெரியாது. ஃபுல்வதிக்குத் தெரியாது. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்க வாயைத் திறக்காட்டி இது வெறும் கல்லு. பிர்ஜுவுக்கு நல்ல வக்கீலா நானே வெக்கறேன். ஒரு வருஷத்துல வெளிய கொண்டுவந்துடலாம்.”

“என்னை ஏன் கூப்பிட்டே?”

“என்ன?”

“ஊர்ல எத்தனை துப்பறியறவங்க இருக்காங்க. என்னை ஏன்டா கூப்பிட்டே?”

அவன் தலையைத் தூக்கவே இல்லை. “வேற யாரு வந்தாலும் முதல்ல என்னைத்தான் கேட்டிருப்பாங்க.”

அவளிடம் இருந்த நேர்மைக்காக அவன் அவளைக் கூப்பிடவில்லை. அவளிடம் இருந்த குருட்டுப் புள்ளிக்காகக் கூப்பிட்டிருக்கிறான். அது இருக்கும் இடம் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு ஆவணியாக அவளே அவன் கையில் கட்டிக் காட்டிய இடம். தட்டில் இருந்த ஜிலேபியைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

“உங்க உடம்புல என் ரத்தம் ஓடுது ஜிஜ்ஜி,” என்றான் மெல்ல.

“ஆமா. அதனாலதான் இத்தனை நாளா உன் மேல எனக்குச் சந்தேகமே வரல. அந்த ஒரு பாட்டில் ரத்தத்துக்கு அது போதும்டா.”

அவன் இடது கையை நீட்டினான். சின்னப் பிள்ளை நீட்டுவது போல. “இன்னொரு தடவை கட்டிவிடுங்க. என்னைக் காப்பாத்துங்க.”

வசுதா அந்தக் கையைத் தொட்டாள். கம்பளி உராய்ந்ததா, முள் கீறியதா, மணிக்கட்டில் ஆறிவரும் ஒரு மெல்லிய கோடு இருந்தது. பிறகு கையை அவன் மடியிலேயே வைத்துவிட்டு முன்வாசலை நோக்கி நடந்தாள். அழுகை வந்தது. துடைக்காமலே நடந்தாள்.

சரியாகப் பன்னிரண்டுக்கு ரேஞ்சர் நேதாம் வந்தார். பிர்ஜு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

“கீழ வை பிர்ஜு,” என்றாள் வசுதா. “உனக்கு மத்தியான வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.”

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஜாக்கெட்டை, கஞ்சியை, இரண்டு கம்பளிகளை. குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. ரேஞ்சர் பாதியிலேயே இரண்டு காவலர்களை ஹேமந்தின் அறைக்கு அனுப்பினார். பிர்ஜு படியில் மறுபடி உட்கார்ந்துகொண்டான். விடுதலை என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை. “ஹேமந்த் பையாவா?” என்று மட்டும் கேட்டான். மறுபடியும் கேட்டான். ஃபுல்வதி அவன் கையில் ஒரு ஈரத் துண்டைக் கொடுத்தாள்.

ரேஞ்சர் மணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “மேடம், இதுதான் கேஸே. ஆனா இது ஹேமந்தோடதுன்னு கோர்ட்டுல யார் சொல்லுவா?”

“நான் சொல்லுவேன். பொறுக்கினது நான், கோத்தது நான், கட்டினது நான்.”

ரேஞ்சர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுப் படிவத்தை விரித்தார். சாட்சியின் பெயர் எழுதினார். வயது எழுதினார். ஊர் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“இதுல ஒண்ணு கேட்டிருக்கான் மேடம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு சாட்சி என்ன உறவு? எதுவும் இல்லைன்னு போட்டுடட்டுமா? சட்டப்படி உறவு இல்லையே.”

தோட்டத்துப் பாதையில் இரண்டு காவலர்களுக்கு நடுவே ஹேமந்த் வந்துகொண்டிருந்தான். பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருந்தான். டப்பு அவளை மறைக்கிற மாதிரி வந்து குறுக்கே நின்றான். வசுதா அவனை மெல்ல விலக்கினாள்.

“அக்கா,” என்றாள். “அக்கான்னே எழுதுங்க.”